மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்த பிறகு: செல்லப்பிராணிக் காப்பகங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

ஒன்பது நாள் பயணம் முடிந்து, காப்பகத்திலிருந்து எங்கள் நாய் மணியை அழைத்து வந்த அன்றிரவு, அவனுடைய பையைப் பிரித்து அடுக்கும்போது வலிப்பு மாத்திரை அட்டைகள் கையில் அகப்பட்டன. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாளொன்றுக்கு 2, ஒன்பது நாளுக்கு 18. கைக்காவலுக்கு 2 சேர்த்து 20 மாத்திரைகளை எண்ணிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தவை 7. ஐந்து வேளை மருந்து அவன் வாய்க்குப் போகவே இல்லை. மற்றபடி அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, கழுத்தில் ஒரு வண்ணக் கைக்குட்டையும் கட்டி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில், பதினான்கு மாதங்களாக எட்டிப் பார்க்காத வலிப்பு அவனுக்கு வந்தது. விடுபட்ட மருந்துதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஃபீனோபார்பிடால் போன்ற மருந்தைத் திடீரென்று விட்டால் அதுவே வலிப்பைக் கிளப்பிவிடக்கூடும் என்று மருத்துவர் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

அந்தக் காப்பகத்தை நான் ஏனோதானோவென்று தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்வதற்கில்லை. இணையத்தில் ஐந்து நட்சத்திரத்துக்குச் சற்றே குறைவான மதிப்பெண், பளபளக்கும் வரவேற்பறை, சுவரெங்கும் நாய்க்குட்டிப் படங்கள், முகம் மலரப் பேசும் ஊழியர்கள் என்று எல்லாம் இருந்தன. அந்த முதல் தொலைபேசிப் பேச்சைப் பிற்பாடு மனத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: அவர்கள் என்னிடம் கேட்டவை மூன்றே கேள்விகள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, நாயின் எடை என்ன, முன்பணத்தை எப்படிச் செலுத்துகிறீர்கள். எடையைக் கேட்டதும் கட்டணக் கணக்குக்காகத்தான். வலிப்பு நோயை நானாகச் சொன்னேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, வலிப்பு வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டி நீடிக்கும் வலிப்பும், ஒரே நாளில் அடுத்தடுத்து வரும் வலிப்பும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை. நாயை வாங்கிக்கொள்பவர் அதைக் கேட்டறிந்து வைத்திருக்காவிட்டால், நடுநிசியில் அவருக்கு யார் வந்து சொல்வார்கள்?

அதற்குப் பிந்திய ஓராண்டில் வேறு மூன்று காப்பகங்களை நேரில் போய்ப் பார்த்தேன். அவற்றுள் ஒன்றில் மணியை இருமுறை விட்டேன். பூனை சுந்தரிக்கு, வீட்டுக்கே வந்து கவனித்துப் போகும் ஒருவரை ஏற்பாடு செய்தேன். முடி வாரி, நகம் வெட்டிவிடும் குரூமிங் நிலையத்தையும் மருத்துவரையும் அதே கண்ணோடு மறுபடி அளந்து பார்த்தேன். அளவுகோல் ஒன்றுதான்: நான் கேட்பதற்கு முன்பு அவர்கள் என்னிடம் என்ன கேட்கிறார்கள்? பெயர்களை இங்கே எழுதவில்லை. இந்தத் தொழிலில் நற்பெயர் என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஊழியர்களின் கைப்பழக்கத்தில் நிற்பது. அவர்கள் விலகிப் போனால் பெயர்ப் பலகை மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் பார்த்த இடத்தில் உள்ளே விடவில்லை. புதியவர்கள் வந்தால் விலங்குகள் பதறும், நோயும் தொற்றும் என்றார்கள். இரண்டும் உண்மைதான், பூனைகள் இருக்கும் அறைக்குள் அந்நியர் கூட்டம் போய்வருவதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் காரணம் மெய்யாகவே அதுவாக இருந்தால் அதற்கு ஒரு வழியும் வைத்திருப்பார்கள்: ஓய்வு நேரம் பார்த்து வரச் சொல்வார்கள், கண்ணாடிச் சன்னல் வழியாகக் காட்டுவார்கள். எந்த வழியும் இல்லை என்று ஆனபின் நான் மேற்கொண்டு பேசவில்லை.

இரண்டாவது இடத்தில் தாராளமாகச் சுற்றிக் காட்டினார்கள். கதவைத் திறந்ததுமே பினாயில் நெடி மூக்கில் ஏறியது. நெடி கடுமையாக இருந்தால் சுத்தமும் கடுமையாக இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். ஃபீனால் கலந்த கிருமிநாசினிகள் பூனைகளுக்கு நஞ்சு. அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் அந்தக் குறையே முக்கியக் காரணம். ஈரத் தரையில் நடந்துவிட்டு உள்ளங்காலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் விலங்கு வேறு அது. நாய்களின் கதை இன்னொரு விதம். 1978-இல் உலகெங்கும் நாய்களிடையே பரவிய பார்வோ வைரஸ், நோயுற்ற நாய் மலம் கழித்த இடத்தில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். ஆல்கஹால் கலந்த கைகழுவும் திரவம் அதை ஒன்றும் செய்யாது. அழுக்கை முதலில் கழுவி நீக்கிவிட்டு, அதன்பின் நீர்த்த பிளீச்சை ஊற்றிச் சுமார் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். எதைக் கொண்டு கழுவுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஊறவிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரவில் யார் தங்குவார்கள் என்று கேட்டதற்கு, "எல்லா அறையிலும் கேமரா இருக்கிறது" என்று பதில் வந்தது. கேமரா வலிப்பைப் படம் பிடிக்கும். கதவைத் திறந்து நாயைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறாது. மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்பதால், இரவு ஆளில்லாத காப்பகம் எனக்கு நாய்களைப் பூட்டி வைக்கும் கிடங்காகவே தெரிகிறது. அந்த இடத்தின் கட்டணம் மற்றவற்றைவிடக் குறைவு என்பதையும், தோட்டம் உண்மையிலேயே விசாலமானது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது காப்பகத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் தொடங்கிவிட்டார்கள். நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டி, அதை என்னிடம் விட்டுவிடாமல், மேற்பார்வையாளரான பெண்மணி எதிரில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இடி இடித்தால் எங்கே போய் ஒளிவான், உணவுக் கிண்ணத்தின் அருகே யாராவது வந்தால் உறுமுவானா, யாரையாவது கடித்திருக்கிறானா, கடித்திருந்தால் என்ன சூழ்நிலையில், எந்தக் காதைத் தொடவிடமாட்டான், கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும் வழக்கம் உண்டா, தோலுக்கடியில் அடையாள நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தப்பட்டிருந்தால் அதன் 15 இலக்க எண் என்ன, அதில் பதிவான தொலைபேசி எண் இன்றும் உங்களுடையதுதானா என்று நீண்டுகொண்டே போனது. உங்களைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் அவசர சிகிச்சைக்கு யார் ஒப்புதல் தருவார், எவ்வளவு செலவுவரை நாங்களே முடிவெடுக்கலாம் என்று கேட்டபோது சற்றுச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பான் என்ற கேள்விக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வயது நாய் திடீரென்று பக்கம் மாற்றிப் படுத்தால் இடுப்பிலோ மூட்டிலோ வலி தொடங்கியிருக்கலாம், வழக்கம் எதுவென்று தெரிந்தால்தான் மாற்றம் தெரியும் என்று அவர் விளக்கியபின் சிரிப்பு அடங்கியது.

அதோடு, நான் கேட்ட தேதிக்கு அவர்கள் இடம் தர மறுத்துவிட்டார்கள். நாய்க்கு நாய் எளிதில் தொற்றும் கென்னல் இருமலுக்கான தடுப்பூசியை இரண்டு நாள் முன்புதான் போட்டிருந்தேன். மூக்கில் விடும் சொட்டு மருந்தாக இருந்தால் சில நாட்களில் பலன் தரும், ஊசியாகப் போட்டிருந்தால் முதன்முறை இரண்டு தவணை முடிய வேண்டும், அதற்கு முன்பு பல நாய்கள் கூடும் இடத்தில் அவனை விடுவது அவனுக்கும் நல்லதன்று மற்றவற்றுக்கும் நல்லதன்று என்றார்கள். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று; எரிச்சலும் வந்தது. ஆனால் என் பணத்தை வேண்டாம் என்று சொல்பவர்கள், தடுப்பூசி இல்லாத இன்னொருவருடைய நாயையும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது வீடு திரும்பும் வழியில் புரிந்தது. நீண்ட நாள் விடுவதற்கு முன்பு ஒரு பகலும், பிறகு ஒரு பகல் ஓர் இரவும் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி.

அந்த முதல் பகலில் விளையாட்டு முற்றத்தின் வேலியோரம் நின்று ஒரு சிறு சோதனை செய்தேன். உள்ளே ஆறு நாய்கள் இருந்தன. இவற்றில் எதற்கு இப்போது மனம் சரியில்லை என்று அந்த மேற்பார்வையாளரிடம் கேட்டேன். யோசிக்காமல், சுவரோரம் நின்ற பழுப்பு நாயைக் காட்டினார். "வாலை ஆட்டிக்கொண்டுதானே இருக்கிறது?" என்றேன். "வாலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்" என்றார். வாய் இறுக மூடியிருந்தது. நுனி நாக்கு அடிக்கடி வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பியதில் வெண்பகுதி பிறை போலத் தெரிந்தது. தூக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி. சொல்லிக்கொண்டே உள்ளே போய், அதைத் துரத்திக்கொண்டிருந்த இளம் நாயை வேறு பக்கம் அழைத்துப்போனார். சான்றிதழ்கள் சுவரில் மாட்டியிருந்தன. அவற்றை நான் படித்துப் பார்க்கவில்லை.

கட்டடத்தில் நான் கவனித்தவற்றுள் மிக முக்கியமானது இரட்டைக் கதவு. வெளிக்கதவு சாத்தப்பட்ட பிறகுதான் உட்கதவைத் திறக்கிறார்கள். மிரண்டு ஓடும் நாய் முதல் கதவைத் தாண்டினாலும் தெருவுக்குப் போக முடியாது. பூனை அறை நாய்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தனிப் பகுதியில் இருக்கிறது. ஒவ்வோர் அறைக் கதவிலும் ஓர் அட்டை தொங்குகிறது. மணியின் அட்டையில் முதல் வரி இப்படி இருந்தது: "காலை 7.05: உணவு முக்கால் பங்கு. மாத்திரை 1, உணவு உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, விழுங்கியது பார்க்கப்பட்டது. மலம் சற்று இளக்கம்." பக்கத்தில் கொடுத்தவரின் சுருக்கொப்பம். "விழுங்கியது பார்க்கப்பட்டது" என்ற அந்த இரண்டு சொற்களுக்காகவே அவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். உருண்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் கன்னத்தில் ஒதுக்கித் துப்பும் வித்தை தெரிந்த நாய் அவன்.

பூனையின் கணக்கு முற்றிலும் வேறு. பூனைக்கு ஆளைவிட இடம் பெரிது. கூடையில் அடைத்துப் புதிய வாசனைகளுக்கு நடுவே கொண்டு விடுவதைவிட, வீட்டிலேயே விட்டு ஒருவர் வந்து போவது பெரும்பாலான பூனைகளுக்கு உகந்தது. ஆனால் இங்கேதான் ஏமாற்றத்துக்கும் இடம் அதிகம். உணவைக் கொட்டி, மணல் தட்டைச் சுத்தம் செய்து, பூட்டிவிட்டுப் போவது பத்து நிமிட வேலை. பூனை கட்டிலுக்கடியில் என்ன நிலையில் இருக்கிறது என்பது அதில் தெரியவராது. பூனை, அதிலும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் உண்ணாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாத அவசரம் அது. ஆகவே வீட்டுக்கு வருபவரை விசாரிக்கும்போது, பூனையைக் கண்ணால் பார்க்காமல் திரும்பமாட்டீர்கள்தானே என்று கேட்டுவிடுவது நல்லது. நான் அமர்த்திய இளைஞர் அதற்கும் ஒரு படி மேலே போய், மணல் தட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஈரக் கட்டிகள் சேரும் என்று கேட்டார். அதுவரை அதை நான் எண்ணியதே இல்லை. பூங்கொத்து எதையும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள் என்றும் சொன்னார். லில்லிப் பூவின் இதழோ மகரந்தமோ, ஏன் அது நின்ற சாடியின் தண்ணீரோகூடப் பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும் என்பதை அறிந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் புறப்பட்டேன். சாவியில் வீட்டு முகவரி எழுதிய அட்டை கட்டாதீர்கள் என்று நினைவூட்டியவரும் அவர்தான்.

குரூமிங் நிலையத்தைப் பொறுத்தவரை, நான் மூன்றாண்டுகளாகப் போகும் இடத்தில் ஒரு முறை நகம் வெட்டும்போது உயிர்ப்பகுதியில் பட்டு இரத்தம் வந்துவிட்டது. மணியின் நகங்கள் கறுப்பு; உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் எதுவரை வந்திருக்கின்றன என்பது வெளியே தெரியாது. உடனே பொடி வைத்து அழுத்தி இரத்தத்தை நிறுத்திவிட்டு, நான் வந்ததும் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னார்கள். அந்த இடத்தை மாற்றாமல் இருப்பதற்கு அந்த ஒப்புதலே காரணம். கோடையில் முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று நான் கேட்டபோது மறுத்ததும் அவர்கள்தான். உள்முடி, வெளிமுடி என்று இரண்டடுக்காக வளரும் நாய்களுக்கு ஒட்ட மழித்தால் முடி மீண்டும் சீராக வளராமலே போகலாம். உதிர்ந்த உள்முடியை வாரி எடுத்தாலே காற்றோட்டம் கிடைத்துவிடும் என்றார்கள். முடி உலர்த்த நாயைக் கூண்டில் வைத்துச் சூடான காற்றை ஊதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. பூனைக்கு உண்ணி மருந்து இடும் இடமாக இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு இடுவார்களா என்று கேளுங்கள். அந்த மருந்து பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கிக் கொல்லக்கூடியது. "அளவைக் குறைத்துப் போடுவோம்" என்று பதில் வந்தால் பூனையைக் கூடையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மருத்துவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மருத்துவர் ஒவ்வொரு முறையும் எடையைத் தாமே பார்த்துப் பழைய எடையோடு ஒப்பிடுகிறார். முதல் ஆண்டின் தவணைகள் முடிந்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ போன்ற அடிப்படைத் தடுப்பூசிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை என்பது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்; எதை ஆண்டுதோறும் போடுகிறார், எதைப் போடுவதில்லை, ஏன் என்பதை அவர் தாமாகவே எழுதிக் காட்டினார். மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம் செய்து தருவதாக வேறோர் இடத்தில் சொன்னதைக் குறிப்பிட்டபோது, ஈறுக்கு மேலே தெரியும் காறை போகும், நோய் இருக்கும் ஈறுக்கு அடிப்பகுதி அப்படியேதான் இருக்கும் என்றார். மயக்கம் கொடுத்தபோது முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்தார். மயக்கம் முழுவதும் தெளியும்வரை அருகில் இருப்பவர் யார் என்பதையும் எனக்குக் காட்டினார்.

பயிற்சியாளர்களுள் ஒருவரை நான் முதல் சந்திப்பிலேயே விலக்கினேன். நாய்க்குத் தலைவன் யாரென்று காட்ட வேண்டும், கழுத்தில் முள்பட்டை போட்டால் இரண்டே வாரத்தில் சரியாகிவிடும், உத்தரவாதம் தருகிறேன் என்றார். இந்தத் தலைவன் கதை, 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து கிளைத்தது. காட்டிலுள்ள ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பம் என்பது பின்னர் தெளிவாகிவிட்டது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பயிற்சியாளர் மணிக்கு வலிப்பு உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்த காப்பகத்திலும் குறைகள் உண்டு. நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் மிகவும் குறுகியது. அரை மணி தாமதித்தால் இன்னொரு நாள் கட்டணம் விழுகிறது. நாளொன்றுக்கு ஒரு படம் அனுப்புவதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை நான்கு நாளில் இரண்டு படங்கள்தான் வந்தன. முற்றத்தின் மேற்குப் பக்கம் நிழலே இல்லை. நண்பகலில் நாய்களை உள்ளே அழைத்துவிடுகிறார்கள் என்றாலும் ஒரு கூரை போட்டிருக்கலாம். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிகளை அவர்கள் ஏற்பதில்லை. அந்த வயதுக் குட்டியை வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வந்து கவனிப்பவரைத்தான் தேட வேண்டியிருக்கும். சத்தத்துக்கு மிரளும் நாய்க்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். என்னதான் பிரித்து வைத்தாலும் இருபது நாய்கள் குரைக்கும் இடம் அது.

சென்ற மாதம் மணியை ஆறு நாள் விட்டிருந்தேன். இம்முறை 14 மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது அட்டையில் 1 இருந்தது. இரண்டு இருந்திருக்க வேண்டுமே என்று நான் விரலை மடக்கத் தொடங்குவதற்குள், பையோடு இணைத்திருந்த தாளை மேற்பார்வையாளர் எடுத்துக் காட்டினார்: "நான்காம் நாள் இரவு 7.00: கொடுத்த மாத்திரையை முழுதாகத் துப்பிவிட்டான், மருத்துவரிடம் கேட்டு 7.20-க்கு வேறொன்று கொடுக்கப்பட்டது." துப்பிய மாத்திரை ஒரு சிறு காகித உறைக்குள் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது.